நிறத்துக்குக் குரல் தந்தவர்



சிம்பாங் பூலாயில் எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் எளிய பைத்தான் நிரல் சொல்லிக்கொடுத்த ஒருநாள், "சிவப்புக் கோடு தெரிகிறதல்லவா? பிழை அங்கேதான்" என்றேன். பார்வை மங்கிவரும் மாணவன் ஒருவன் திரையோடு முகம் ஒட்ட அமர்ந்திருந்தான். "சிரமமாக இருந்தால் விட்டுவிடு, தம்பி" என்றேன். அச்சொல் பின்னர் என்னை உறுத்தியது. அதனால் தேடிப் படித்த வரலாறு இது.

டி. வி. இராமன் 1965-இல் புனேயில் பிறந்தவர். கண் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை இழந்தார். புனேயில் கணிதமும், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினியியலும் பயின்றார். 1994-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கணிதச் சமன்பாடுகளைப் பொருள் விளங்க ஒலிக்கும் 'ஆஸ்டர்' மென்பொருளே அவரது ஆய்வு.

அக்காலத் திரைவாசிப்பான்கள் திரையிலுள்ள எழுத்துகளை உரக்கப் படித்தன. நிரல் எழுதுவோர்க்கு அது போதாது. கட்டளைச் சொல் எது, குறிப்புரை எது என்பதை நாம் நிறத்தால் அறிகிறோம். ஒரே தொனியில் படிக்கும் குரலில் நிறம் ஏது?

1995-இல் இராமன் 'ஈமாக்ஸ்பீக்' மென்பொருளை வெளியிட்டார். ஈமாக்ஸ் தொகுப்பானின் உள்ளிருந்தே இயங்கியதால், படிப்பது இன்னதென்று அறிந்தே அது பேசியது. நிறம் மாறுமிடத்தில் குரல் மாறியது. கோப்பைத் திறந்தால் ஓர் ஒலி, மூடினால் வேறோர் ஒலி. வழுநீக்கி நிரலை ஒரு வரியில் நிறுத்தும்போது, பார்வையுள்ளோர்க்கு அவ்விடம் அம்புக்குறியால் தெரியும். ஈமாக்ஸ்பீக்கோ அவ்வரியையே வாய்விட்டுச் சொன்னது. யாவரும் திருத்திக்கொள்ளத்தக்க திறமூலமாகவே இராமன் அதை வழங்கினார்.

2006-இல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்றவரான மைக்கல் கர்ரன் 'என்விடிஏ' என்னும் திரைவாசிப்பானைத் தொடங்கினார். பார்வையற்ற நிரலாளர் ஜேம்ஸ் தே அவருடன் இணைந்தார். விண்டோஸ் கணினியில் விலையின்றி இயங்கும் அது தமிழையும் படிக்கும். பிழையுள்ள வரியை ஒலியால் உணர்த்தும் வசதி, பின்னாளில் மைக்ரோசாப்டின் 'விசுவல் ஸ்டுடியோ கோட்' தொகுப்பானிலும் இடம்பெற்றது.

இவற்றுள் முதல் இரண்டையும் உருவாக்கியவர்கள், அவை தமக்கே தேவைப்பட்டவர்கள். எவரேனும் அவர்களிடம் "விட்டுவிடு" என்று சொல்லி, அவர்களும் விட்டிருந்தால்?

சென்ற வாரம் கழகக் கணினியொன்றில் என்விடிஏவை நிறுவி, அம்மாணவனிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகக் கேட்டுவந்தவன் நான்காம் வரியில் நிறுத்தினான்.

"ஐயா, இங்கே அடைப்புக்குறியை மூடவில்லை."

அந்த நிரலை எழுதியவன் நான். பிழை என் கண்ணில் படவில்லை.