மூட்டுநோயும் செவிலியரும்: சிவகாசி வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் வேரூன்றச் செய்த தொழில், பின்னர் பட்டாசுக்கும் விரிந்து, தரையில் அமர்ந்து நெடுநேரம் கைவிரல்களால் செய்யும் வேலையைச் சிவகாசி வட்டாரப் பெண்களின் அன்றாடமாக்கியது. இத்தகைய உழைப்பில் வரும் முழங்கால், இடுப்பு வலி ஓய்வில் தணியும். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்கும் முடக்குவாதமோ, காலையில் நெடுநேரம் விரல்களை விறைக்கச் செய்யும். இரண்டையும் 'வாதம்' என்றே ஒதுக்கிவிடுவதால் சிகிச்சை தாமதமாகிறது.

முடக்குவாதத்திற்கு வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதாலும், இரத்தத்தையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டியிருப்பதாலும், இந்நோய்க்கு இடைவிடாத கண்காணிப்பு தேவை. இப்பொறுப்பைத் தேர்ச்சிபெற்ற செவிலியரிடம் ஒப்படைக்கும் மருத்துவகங்கள் இங்கிலாந்தில் வளர்ந்தன; லீட்ஸ் நகரில் ஜாக்கி ஹில் குழுவினர் மருத்துவரின் கவனிப்போடு அதை ஒப்பிட்டு 1994இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது.

சிவகாசி அடங்கிய விருதுநகர் மாவட்டத்திற்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். அதற்கு நெடுங்காலம் முன்பே தாய்சேய் நலத்திற்காகக் கிராமச் சுகாதாரச் செவிலியர் துணைச் சுகாதார நிலையங்களில் பணியாற்றி வந்தனர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசென்றது. முடக்குவாதக் கண்காணிப்பை அதனுடன் இணைப்பது, புதுக் கட்டடம் எழுப்புவதைவிட எளிதாகவே தோன்றுகிறது.