ரத்தம் மறந்துவிடும், ஃபைல் மறக்காது

1. மறைமலை நகர்ல ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்த ஒரு தம்பி, கதவைச் சாத்திட்டு மெதுவா கேட்டார்: "டாக்டர், போலீஸ் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கேன். காலேஜ்ல கஞ்சா அடிச்சது இப்போ ரத்தத்துல தெரியுமா?"

தெரியாது. அதிகமா பிடித்தவர்களுக்கே சில வாரங்களில் உடம்பிலிருந்து போய்விடும். உடம்பு மறந்துவிடும் நண்பர்களே. மறக்காதது காவல் நிலைய ஃபைல்.

2. இந்தப் பயம் நம்ம ஊருக்குப் புதுசு. வெள்ளைக்காரன் காலத்தில் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்றது. அரசு வரி வாங்கியது. 1893-94ல் இந்திய ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் விசாரித்து, முழுத் தடை வேண்டாம் என்றது.

3. 1961ல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது. இந்தியாவில் 1985 நவம்பர் 14 முதல் என்டிபிஎஸ் சட்டம். விற்பது மட்டுமல்ல, பயன்படுத்துவதே குற்றம். கஞ்சா பிடித்தால் பிரிவு 27ன்படி இன்று 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

4. அமெரிக்காவில் ரகசியப் பணிக்கான படிவம், கடந்த 7 வருடத்தில் போதைப்பொருள் எடுத்தாயா என்றே கேட்கும். நம்ம ஊர் வெரிஃபிகேஷன் படிவம் கேட்பது வேற: கைதானீர்களா? வழக்கு இருந்ததா? அபராதம் கட்டினீர்களா?

5. இங்கேதான் பலர் விழுகிறார்கள். "சின்ன கேஸ்தானே, அபராதம் கட்டியாச்சே"ன்னு 'இல்லை'ன்னு எழுதிடறாங்க.

6. டெல்லி போலீஸ் வேலைக்கு மனு போட்ட சந்தீப் குமார் ஒரு பழைய அடிதடி வழக்கை மறைத்தார். 2011ல் உச்ச நீதிமன்றம், ரொட்டி திருடிய ழான் வால்ழானின் கதையை நினைவூட்டி, இளவயதுத் தவறை மன்னிக்கலாம் என்றது.

7. 2016ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் விதிகளைத் தொகுத்தார்கள். சொல்வது உண்மையாக இருக்கணும். அற்பமான வழக்கை மறைத்திருந்தால், வேலை தருபவர் மன்னிக்கலாம். ஆனால் கவனிங்க: உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. மறைத்தால், மறைத்ததே தனிக் குற்றச்சாட்டு ஆகிவிடும்.

8. இதையெல்லாம் டாக்டர் ஏன் பேசணும்? "சிகிச்சைக்குப் போனா பேர் பதிவாகிடும், வேலை போயிடும்"னு பயந்தே எத்தனையோ பேர் வராமல் இருக்காங்க. கடைசியில் வரும்போது கூட அழுதுகிட்டே அம்மா வருவாங்க.

9. அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கு. அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சையை முழுசா முடித்தால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு. பாதியில் விட்டால் பாதுகாப்பு போய்விடலாம்.

10. அந்தத் தம்பி மேல வழக்கு எதுவும் இல்லை. விட்டு மூணு வருஷம் ஆச்சாம். "கேட்டதுக்கு உண்மையா எழுதுங்க, கேஸ் இருக்குறவங்க வக்கீலைப் பார்த்துட்டு எழுதணும்"னு சொல்லி அனுப்பினேன்.

இன்னும் விட முடியாதவர் இதைப் படிச்சா, ஃபைல்ல பேர் ஏறும் முன்னாடி வாங்க. நீங்க சொல்றது எங்க அறையைத் தாண்டாது.