கலுங்கும் கரையும்

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்தில் மாரியம்மன் வீற்றிருக்கும் இருக்கன்குடிக்கு, ஆடிக் கடைசி வெள்ளியன்று காய்ந்த ஆற்றுமணலை மிதித்து வரும் ஜனத்திரள், ஐப்பசி கார்த்திகையில் அதே மணலின்மீது புரளும் பிரவாகத்தைக் காண்பது அபூர்வம். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடந்து, மேற்கே மலையில் மழை பிடித்தால் திடுமெனப் பெருகுவது இவ்வட்டாரத்து நதிகளின் சுபாவம். அந்த நீரைத் தேக்கவே சாத்தூர்ச் சீமையில் கண்மாய்கள் வெட்டப்பட்டன. வெட்டிய கரிசலே அவற்றுக்குக் கரையாயிற்று.

கோடையில் முழங்கை இறங்கும்படி வெடித்து, ஈரம் பட்டதும் விம்மி மூடிக்கொள்ளும் மண் அது. கரைமேல் வெள்ளம் ஏறி வழியும்போது உடைப்பு உச்சியில் தொடங்குவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் வெளிச்சரிவில் வேகம் பிடித்த நீர் பெரும்பாலும் அடிவாரத்தில்தான் முதலில் குழி பறிக்கும். குழியின் விளிம்பு சரிந்து சரிந்து மேலேறி உச்சியைத் தொட்டபின், முழ அகலத் திறப்பு வண்டி நுழையும் வாயாக நேரமாகாது. 1953-இல் நெதர்லாந்தில் கடல் பொங்கியபோதும், பல கரைகள் அலை மோதிய முகத்தை விட்டுவிட்டு முதுகுப்புறத்தில்தான் முதலில் அரிபட்டன.

ஆகவே முன்னோர் கரையை உயர்த்துவதோடு நில்லாமல், அதன் உச்சிக்குத் தாழ்வாக, இயன்றவரை கெட்டித்தரை உள்ள கோடியில், கல்லால் கலுங்கு கட்டி, விழும் நீர் தோண்டாதபடி கீழே கல் பாவி, மறுகால் நீரை அடுத்த கண்மாய்க்கு அனுப்பிவைத்தார்கள். கலுங்கின் தலையில் நட்ட குத்துக்கற்களின் இடையே மண்ணும் வைக்கோலும் திணித்து, மழைக்காலத்தின் கடைசியில் சற்றே கூடுதலாக நீர் தேக்குவதுண்டு. வெள்ளத்தின் குறி தெரிந்தால், கண்மாய் நீரைக் கவனிக்கும் நீர்ப்பாய்ச்சி அந்த அடைப்பைத் தட்டிவிட வேண்டும். விவகாரமெல்லாம் இங்கேதான். கடைமடைக்காரனுக்கு அந்த ஒரு முழத் தண்ணீர் பயிரின் பிராணன். கண்மாயின் உள்வாயில் விதைத்தவனுக்கோ அதுவே நாசம். பகலில் ஒருவன் அடைத்ததை இரவில் மற்றவன் பிடுங்குவான். மழையின்மீது பழி போட்ட உடைப்புகளில் பல, அடைப்பை எடுக்கத் தாமதித்ததால் நேர்ந்தவை என்பதே என் அபிப்பிராயம்.

அபாயம் முற்றிவிட்டால் தாழ்ந்த இடங்களில் மணல் மூட்டையும் முள்கட்டும் போட ஆள் வேண்டுமே! சென்னை ராஜதானிக்கென இயற்றிய 1858-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், கரை உடையும் தருணத்தில் கிராமத் தலைவர் மூலம் திடகாத்திரமான ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அதிகாரம் கொடுத்தது. குடிமராமத்தையும் அதே சட்டத்துள் அடக்கியது. ஊரார் தம் பங்காகச் செய்தது தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் கடமையானபின் சிரத்தை குன்றியதில் ஆச்சரியமில்லை. 1883-இல் கண்மாய்ச் சீரமைப்புக்கெனத் தனித்திட்டமே வகுக்க நேர்ந்தது.

இன்று இருக்கன்குடி நீர்த்தேக்கத்தில் குத்துக்கல்லின் வேலையை இரும்பு ஷட்டர்கள் செய்கின்றன. ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அத்தகைய மழைக்கு எந்தக் கலுங்கும் போதாது. அப்போது கோரம்பள்ளம் கண்மாய் உடைந்து தூத்துக்குடியே தத்தளித்தது. வெள்ளம் கரைமேல் வழியும் வேளையில் அதற்குத் துணை, வெளிச்சரிவில் அடர்ந்து படர்ந்த அறுகும் வெட்டிவேரும்தான். அவை வளர வேண்டிய இடத்தில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதைத் தூரோடு பிடுங்கினாலோ, ஒவ்வொரு குழியையும் மண்ணிட்டு இடித்து மூடியாக வேண்டும். விறகைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு விறகோடு வேலை முடிந்துவிடுகிறது.