சாம்பலுக்கு ஒரு மாடம்

வாழ்வோருக்கு ஒரு வீடு வேண்டும். மாண்டோருக்கும் ஓரிடம் வேண்டும். இதனை மறுத்த மக்கள் உலகில் இல்லை. அவ்விடம் எத்தகையது, யாருக்கு உரியது, எத்தனை காலம் நிலைப்பது என்னும் கேள்விகளில்தான் சமயங்களும் அரசுகளும் சாதிகளும் புகுந்து பேதம் விளைவித்தன. இறந்த அங்கத்தினரின் உடலைத் தகனம் செய்து, அச்சாம்பலைத் தேவாலய வளாகத்திலேயே ஒரு மாடத்தில் வைத்துக் காக்கும் வழக்கம் இப்பொழுது பல நாடுகளில் பரவி வருகின்றது. “கிறிஸ்தவனை எரிக்கலாமா?” என்று முதியோர் சிலர் திகைக்கின்றனர். “எரித்தபின் ஆற்றில் கரைத்துவிட்டால் தீர்ந்தது, மாடம் எதற்கு?” என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் சரித்திரத்தில் விடை உண்டு. தோட்டத்தை விட்டு நகரத்திற்குக் குடிபெயர்ந்துவரும் பேராக் தமிழருக்கு அவ்விடை இன்று பெரிதும் வேண்டப்படுவது.

முதலில் நம் முன்னோரைப் பார்ப்போம். பிணத்தைச் சுடுதல், வெட்டவெளியில் இட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், நிலவறையில் வைத்து அடைத்தல், தாழியால் கவித்தல் என்று ஐந்து முறைகள் ஒரே சுடுகாட்டுக் கோட்டத்தில் நிகழ்ந்ததாக மணிமேகலைக் காப்பியம் தெரிவிக்கின்றது. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த தாழிகள் அதற்குக் கண்கண்ட சாட்சி. இன்றும் இந்துக்களுள் புதைக்கும் வகுப்பார் பலர் உண்டு, துறவிகளை எரிப்பதில்லை. ஆகவே, எரிப்பது ஒரு மதத்திற்கும் புதைப்பது மற்றொரு மதத்திற்கும் பிறவிச் சொத்து என்று எண்ணுவது தமிழ்நாட்டுச் சரித்திரத்திற்கே ஒவ்வாதது.

சாம்பல் மாடம் என்னும் ஏற்பாடு பழைய ரோமாபுரியில் தோன்றியது. சுவரில் அடுக்கடுக்காகச் சிறு குழிகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பற் கலயத்தை வைத்தனர். பார்வைக்கு அது புறாக்கூடு போல இருந்தமையால் லத்தீன் மொழியில் புறாமாடம் என்னும் பொருள்படும் பெயரையே அதற்கு இட்டனர். அம்மாடங்களில் இடம் பெற்றவர் யாவர்? செல்வச் சீமான்கள் தத்தம் குடும்பத்திற்கெனத் தனிச் சமாதிகள் கட்டிக்கொண்டனர். மாடத்தை நாடியவருட் பெரும்பாலோர் அடிமைகளும், விடுதலை பெற்ற அடிமைகளும், கைத்தொழிலாளருமே. அகஸ்துஸ் சக்கரவர்த்தியின் மனைவி லிவியாவின் அரண்மனை ஊழியருக்கென அமைந்த பெரியதொரு மாடம் 1726-ஆம் ஆண்டில் ஆப்பியா சாலையருகே கண்டுபிடிக்கப்பட்டது. அங்குப் பெயருடன் அவரவர் செய்த வேலையும் கல்லில் வெட்டப்பட்டிருந்தது.

நிலமற்ற அவ்வேழைகள் இடுகாட்டுச் சங்கங்கள் அமைத்துப் பணம் சேர்த்தனர். லானூவியம் என்னும் ஊரில் அத்தகைய சங்கமொன்றின் விதிகள் கி.பி. 136-இல் கல்லில் பொறிக்கப்பட்டன. சேருவதற்கு 100 செஸ்தர்ஸ் நாணயமும் ஒரு சாடி நல்ல திராட்சைரசமும் கட்டணம். மாதந்தோறும் 5 செப்புக் காசு சந்தா. அங்கத்தினனான அடிமை இறந்து, அவன் எஜமான் உடலைக் கொடுக்க மறுத்தால், அவனுடைய உருவப் பொம்மையை வைத்தேனும் சடங்கை நடத்த வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. நம் தோட்டங்களில் மரண சகாயச் சங்கம் நடத்தி, மாதச் சந்தா வசூலித்து அனுபவப்பட்டவர்களுக்கு அவ்வடிமைகளின் உள்ளம் எளிதில் விளங்கும்.

ரோமாபுரிக் கிறிஸ்தவர்கள் தம் குருவாகிய இயேசு அடக்கம் செய்யப்பட்டதைப் பின்பற்றி, யூதர் வழக்கப்படி, உடலைப் புதைத்தனர். எரித்தால் உயிர்த்தெழ முடியாது என்னும் அச்சத்தால் அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. கி.பி. 177-இல் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர் பலரைக் கொன்ற பகைவர்கள், உடல்களைச் சுட்டு, சாம்பலை ரோன் ஆற்றில் வாரி இறைத்தனர். இனி இவர்கள் எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பது அவர்கள் எண்ணம். திருச்சபையோ அம்மாண்டவர்களைத் தியாகிகள் என்று கொண்டாடியது. உயிர்த்தெழும் பேற்றை அவர்கள் இழந்தனர் என்று ஒருபோதும் கூறவில்லை. எனினும் நாளடைவில் புதைப்பதே கிறிஸ்தவரின் அடையாளமாயிற்று. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சார்ல்மேன் மன்னன், தான் வென்ற சாக்ஸன் மக்கள் பழைய முறைப்படி பிணம் எரித்தால் மரண தண்டனை என்று சட்டமியற்றினான். அதன் பின் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஐரோப்பாவில் தகனம் மறைந்தேயிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்கள் பெருத்தன; இடுகாடுகள் நிறைந்து வழிந்தன; சுகாதாரக் கவலை பிறந்தது. 1874-இல் இங்கிலாந்தில் ஸர் ஹென்றி தாம்ஸன் என்னும் வைத்தியர் தகனச் சங்கத்தை நிறுவினார். 1884-இல் வேல்ஸ் நாட்டு வைத்தியர் வில்லியம் பிரைஸ் தம் குழந்தையின் உடலை எரிக்க முயன்று வழக்குக்கு உள்ளானார். பிறருக்குத் தொல்லையின்றி எரிப்பது குற்றமன்று என்று நீதிபதி தீர்ப்பளித்தார். 1885-இல் உவோக்கிங் தகனச்சாலை வேலை தொடங்கியது. அவ்வாண்டு முழுவதிலும் அங்கு எரிக்கப்பட்டவை மூன்றே உடல்கள். 1902-இல் தகனச் சட்டம் நிறைவேறியது. 1905-இல் நாடக நடிகர் ஸர் ஹென்றி இர்விங்கின் சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெற்றது. 1944-இல் மறைந்த கான்டர்பரித் தலைமைப் பேராயர் வில்லியம் டெம்பிளின் உடலும் தகனமாயிற்று. அவருடைய சாம்பல் தேவாலய முற்றத்தில் தந்தையின் கல்லறையருகே வைக்கப்பட்டது. தலைமைக் குருவே சாம்பலாகிக் கோவிலில் உறங்கும்போது சாதாரண அங்கத்தினனுக்குத் தடையேது?

கத்தோலிக்க சபை இன்னும் நெடுநாள் தயங்கியது. 1886-இல் ரோமாபுரி ஆணை தகனத்தைத் தடை செய்தது. அக்காலத்து ஐரோப்பாவில் தகனத்தை வற்புறுத்தியோருட் பலர், உயிர்த்தெழுதலை மறுப்பதற்கு அதனை ஒரு கொடியாகப் பிடித்தனர் என்பதே தடைக்குக் காரணம். எரித்தல் தன்னியல்பில் தீமை என்று சபை சொல்லவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் விலக்கும் அளித்தது. 1963-இல் தடை நீங்கியது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலும், விசுவாசத்தை மறுக்கும் நோக்கமின்றித் தகனம் செய்யலாம் என்பது இடம்பெற்றது. 2016 அக்டோபரில் வெளியான அறிவுரை சாம்பலைப் பற்றியது. சாம்பலைக் கல்லறையிலோ, கோவிலிலோ, அதற்கென அர்ப்பணித்த புனித இடத்திலோ வைக்க வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்வதும், காற்றிலும் நீரிலும் தூவுவதும், பிள்ளைகளுக்குள் பங்கிட்டுக்கொள்வதும் ஆகா என்று அது விதித்தது. பலருடைய சாம்பலை ஒரே பொது இடத்தில் சேர்த்து வைக்கலாம், ஆனால் ஒவ்வொருவர் பெயரும் அங்குக் குறிக்கப்பட வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஒரு விளக்கம் வந்தது. பெயர் அழியலாகாது என்பதே இவ்விதிகளின் உயிர்நாடி.

இவ்வழக்கம் நமக்கு அண்மையிலும் வேரூன்றிவிட்டது. சிங்கப்பூரில் 1907-இல் திறந்த பிடாடாரி இடுகாடு 1972-இல் மூடப்பட்டது. 2001 முதல் 2006 வரை அங்கிருந்த கல்லறைகள் தோண்டப்பட்டு நிலம் வீடுகளுக்கு விடப்பட்டது. புதிதாகப் புதைக்கப்படுவோருக்கும் 1998 முதல் 15 ஆண்டுக் கெடுதான். மண்ணில் நிலைக்க வழியில்லை என்று கண்ட தேவாலயங்கள் மாடங்களைக் கட்டின. புக்கிட் பாத்தோக்கில் பிரான்சிஸ்கன் துறவிகளின் ஆலய வளாகத்தில் அத்தகைய மாடம் ஒன்று உண்டு. கேரளத்து ஆலப்புழையில், தோண்டினால் நீர் ஊறும் தாழ்நிலத்தில், 2020 ஜூலையில் கொரோனா நோயால் இறந்தோருக்கு ஆழக்குழி வெட்ட இயலாதுபோயிற்று. அவ்விடத்து லத்தீன் மறைமாவட்டம் உடல்களைக் கோவிற் கல்லறை வளாகத்திலேயே தகனம் செய்து, சாம்பலை முறைப்படி அடக்கம் செய்தது.

இனி நம் கோலா கங்சாரைப் பார்ப்போம். 1877-இல் ஹியூ லோ காலத்தில் நடப்பட்ட ரப்பர் மரங்களால் பெயர் பெற்ற ஊர் இது. அதன்பின் இச்சுற்றுவட்டாரத்துக் காடுகளை ரப்பர்த் தோட்டங்களாக்கியதில் தமிழனின் உழைப்பு பெரியது. தோட்டத்தின் ஓரத்திலே, ஆற்றோரச் சரிவிலே, கோவிலுக்குப் பின்புறத்திலே அவன் புதைக்கப்பட்டான். அந்த மண் கம்பெனிக்குச் சொந்தம். லயன் வீட்டைப் போலவே இடுகாடும் அவனுக்கு இரவல்தான். தோட்டம் துண்டாடப்பட்டாலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தாலும், வீடமைப்புக்கு நிலம் கைமாறினாலும், முதலில் மறைவது சிலுவையிட்ட மண்மேடு. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் அருகே கொல்லப்பட்ட மூன்று வெள்ளைக்காரத் துரைமார் பத்து காஜாக் கல்லறையில் உறங்குகின்றனர். பெயர் பொறித்த கல் உண்டு, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நினைவு வழிபாடும் உண்டு. அது நியாயமே, மாண்டோரை மறவாதது நாகரிகம். ஆயின் அதே மாவட்டத்தில் மரம் வெட்டி மலேரியாவில் மடிந்த கூலிகளுள் எத்தனை பேருக்கு ஒரு கல் உண்டு?

தோட்டத்துக் கிராணிக்கு இவ்வேறுபாடு நன்கு தெரியும். உயிரோடிருக்கும் வரை தொழிலாளியின் பெயர் செக்ரோலில் நாள்தோறும் எழுதப்படுகின்றது. இறந்த மறுநாள் ஒரு கோடு இழுத்தால் தீர்ந்தது. தேவாலயத்து மரணப் பதிவேட்டில் மட்டுமே அப்பெயர் நிற்கின்றது. அப்பதிவேட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மாடம் அமைந்தால், பெயருக்கும் உடலுக்கும் ஒரே முகவரி கிடைக்கும். தகனத்திற்குப் பின் எஞ்சுவது எலும்புத் தூள் இரண்டு மூன்று கிலோ மட்டுமே; அதற்கு ஒரு முழச் சதுரம் போதும். ஆறடி நிலம் கிடைக்காத ஏழைக்கும் அது கிடைக்கும். மகன் கோலாலம்பூருக்கும் மகள் ஜொகூருக்கும் போய்விட்டாலும், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்ற ஓரிடம் இருக்கும். காட்டுப் புதருக்குள் அப்பாவின் குழியைத் தேடியலையும் அவலம் ஒழியும்.

ஆற்றில் கரைப்பது பேராக் நதிக்கரைத் தமிழருக்குப் பழக்கமான சடங்கு. அதனைச் செய்யும் இந்துச் சகோதரரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர்கள் நம்பிக்கையில் அதற்குப் பொருளுண்டு. கிறிஸ்தவனின் நம்பிக்கையோ உடலையும் பெயரையும் சேர்த்தே மதிப்பது. ஆகவே அவன் சாம்பலுக்கு மாடம் தேடுவது முறையே.

ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தாழ்த்தப்பட்டோர் குழிகளையும் மற்றோர் குழிகளையும் பிரித்து ஒரு சுவர் எழுப்பினர். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கியவர்களுக்கு மண்ணுக்குள்ளே வேலி! சாம்பலில் சாதி தெரியாது. ஒரே சூளையில் வெந்த எலும்பை எந்த மேற்குலத்தானும் அடையாளம் காண இயலாது. எனினும் சாதி நுழையாத இடத்தில் பணம் நுழையும். வியாபார நிறுவனங்களின் மாடங்களில் கண்ணுக்கு நேரான வரிசைக்கு ஒரு விலை, காலடி வரிசைக்கு ஒரு விலை. கோவிலும் அவ்வழியிற் செல்லுமாயின், மேலப்புதூர்ச் சுவரை விலைப்பட்டியலாக மாற்றிக் கட்டியதாகவே முடியும்.

எனவே, மாடம் அமைக்க நினைக்கும் சபைகள் நான்கு காரியங்களை முதலிலேயே முடிவு செய்தல் நலம். நிலம் சபையின் பெயரில் உறுதியான பட்டா உடையதாயிருக்க வேண்டும். மாடங்கள் அனைத்தும் ஒரே அளவும் ஒரே கட்டணமும் உடையனவாய், இறந்த நாள் வரிசைப்படி அளிக்கப்பட வேண்டும். கொடுக்க இயலாதவருக்கு மற்றவர் சந்தாவிலிருந்து இடம் கிடைக்க வேண்டும். மூடப்படும் தோட்டங்களின் இடுகாடுகளிலிருந்து எடுக்க நேரும் எலும்புகளுக்கும், பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரு பொது மாடம் ஒதுக்கப்பட வேண்டும்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பது ஆண்டுகளுக்கும் முன்பே லானூவியத்து அடிமைகள் மாதம் 5 செப்புக் காசு போட்டுத் தம் பெயருக்கு ஓரிடம் தேடிக்கொண்டனர். அவர்களுக்கு நிலமில்லை, ஆனால் சங்கம் இருந்தது. நமக்கும் நிலமில்லை, சபை இருக்கின்றது, சங்கம் இருக்கின்றது, பதிவேடும் இருக்கின்றது. செய்ய வேண்டியது, கடைசி இடுகாடும் கைமாறுவதற்கு முன், ஊர் கூடித் தீர்மானிப்பதே.