முதலில் கேட்கப்படும் குரல்



மேட்டூரில் திறக்கப்படும் நீர் கல்லணையைக் கடந்து தலைமடைக்கு முதலிலும் கடைமடைக்கு இறுதியிலும் வந்து சேர்கிறது. நீர் ஒன்றுதான், ஆயினும் வரிசையே விளைச்சலை மாற்றிவிடுகிறது என்பதை டெல்டாவாசிகளாகிய நாம் நன்கறிவோம். கூட்டங்களில் கருத்துக் கேட்கும் வரிசைக்கும் இது பொருந்தும். 'ஷூரா' என்ற பெயரில் ஓர் அத்தியாயமே அமைந்த திருமறையை உடைய நாம், கலந்தாலோசனையின் இந்த நுட்பத்தை அறிந்திருப்பது அவசியமாகும்.

பண்டைய ரோமாபுரியில் மக்கள் குழு குழுவாக வாக்களித்தனர். முதலில் வாக்களிக்கும் குழு சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் முடிவு மற்றவர்கள் வாக்களிக்கும் முன்பே அறிவிக்கப்பட்டதால், பின்வந்த குழுக்கள் பெரும்பாலும் அதன் வழியே சென்றன. அக்குழுவின் ஆதரவை முதலில் பெற்றவர் தோற்றதேயில்லை என்று சிசரோ என்னும் சொல்வல்லார் கூறியுள்ளார்.

தஞ்சையிலிருந்து ஆண்ட முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. அவ்வூரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் கட்டுகளாகக் குடத்தில் இடப்பட்டன. முதியவர் ஒருவர் குடத்தை அனைவரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்றறியாத சிறுவன் கட்டினை எடுத்து, அதனை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கியபின் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதனைப் பெற்று வாசிப்பார். அங்குள்ள நம்பிமாரும் வாசிப்பர். இவ்வாறு தேர்வான 30 பேரில் முன்னனுபவமும் கல்வியும் வயதும் மிக்க 12 பேர் ஆண்டு வாரியத்திற்கும், எஞ்சியோரில் 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணர்க்கு மட்டுமே உரிய சபைதான் அது. எனினும் எவருடைய குரலும் முந்தி ஒலித்து மற்றவர்களை இழுத்துச் செல்ல அங்கு இடமில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

பேசுவோரின் வரிசை மட்டுமன்று, கேள்விகளின் வரிசையும் முடிவை மாற்றும். இதனை 1785-ல் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ ஆராய்ந்து எழுதினார். ஓர் ஊரில் 30 பேர் கூடுவதாகக் கொள்வோம். பத்துப் பேர் குளம், மதரஸா, சுற்றுச்சுவர் என்ற வரிசையில் விரும்புகின்றனர். பத்துப் பேர் மதரஸா, சுவர், குளம் என்றும், பத்துப் பேர் சுவர், குளம், மதரஸா என்றும் விரும்புகின்றனர். குளமா மதரஸாவா என்று முதலில் கேட்டால் 20 பேர் ஆதரவில் குளம் வெல்லும். பின்பு சுவரோடு மோதும்போது 20 பேர் ஆதரவில் சுவர் வெல்லும். மதரஸாவா சுவரா என்று தொடங்கினால் இறுதியில் குளம் வெல்லும். குளமா சுவரா என்று தொடங்கினால் மதரஸா வெல்லும். மக்களின் மனம் மாறவில்லை; கேட்ட வரிசையே மாறிற்று. கடைசியாக வைக்கப்பட்டதே வென்றது.

இந்திய இராணுவ நீதிமன்றங்களில் பதவியில் இளையவரிடமிருந்தே கருத்துக் கேட்கத் தொடங்க வேண்டும் என்பது விதி. மேலதிகாரி முதலில் பேசிவிட்டால், இளையவர் வாய் திறவார் என்பதை அறிந்தே அவ்வாறு வகுத்துள்ளனர். நமது கூட்டங்களிலும் பெரியவர் ஒருவர் முதலில் சொல்லிவிட்டால் இளைஞர்கள் மரியாதையால் மௌனம் காத்து, வாசலுக்கு வந்தபின் முணுமுணுப்பதை நாம் கண்டிருக்கிறோம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம்; மனக்கசப்போ ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

எனவே, கேட்கும் வரிசையைக் கூட்டம் தொடங்கும் முன்பே அறிவிப்போம். வயதில் இளையவர், வசதியில் எளியவர் ஆகியோரிடம் முதலில் கேட்போம். இரண்டுக்கு மேற்பட்ட யோசனைகள் இருப்பின், ஒவ்வொருவரும் தம் விருப்ப வரிசையை எழுதித் தரச் செய்து, எதை எதனோடு முதலில் வைப்பது என்பதைச் சபையறியச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். பெரியவர்களின் கண்ணியம் இதனால் குறையாது. அனைவரையும் கேட்டபின் இறுதியில் அவர்கள் கூறும் சொல்லுக்கு மதிப்பு கூடவே செய்யும். நம் மஷூராவில் கடைமடைக்கும் உரிய காலத்தில் நீர் சேரட்டும்.