தகடும் ரவையும்

காலடிப்பேட்டை என்ற பெயரில் காலும் இல்லை, அடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டையாயிற்று. பெயர்கள் தம் பிறப்பை மறைத்துக்கொள்வது இப்படித்தான். 1955ல் பக்கத்தில், திருவொற்றியூரில், என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. வண்டியின் பெயர் புல்லட். அதை முதலில் கேட்டு வாங்கியது ராணுவம். என்ஃபீல்டோ, இங்கிலாந்தில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். அதற்கு உதிரி பாகங்கள் செய்துகொடுத்த சைக்கிள் கம்பெனி அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. சிறுவயதில் எங்கள் தெருவைக் கடந்துபோன அந்த 'டப் டப்' ஓசைக்கு லீ-என்ஃபீல்டு ரைபிளுடன் உறவு உண்டு என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. தெரிந்தபின் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது: அந்த ரைபிளின் ரவை எதைத் துளைக்கும், எதைத் துளைக்காது?

நாம் த்ரீ-நாட்-த்ரீ என்று சொல்லும் அதன் ஏழாம் மார்க் ரவை 1910ல் ஏற்கப்பட்டது. எடை சுமார் பதினொரு கிராம். வேகம் வினாடிக்கு 744 மீட்டர். உள்ளே ஈயம், மூக்கில் மட்டும் அலுமினியம். பாரம் பின்னால் இருப்பதால் உடம்புக்குள் போனதும் நிலைகுலைந்து புரளும். மனித உடலை நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட பொருள். ஆனால் கடினமாக்கிய எஃகுத் தகட்டின்முன் ஈயம் நசுங்கிச் சிதறிவிடும். 1916ல் டாங்க் களத்துக்கு வந்ததும் இந்தப் போதாமை வெளிப்பட்டது. ஜெர்மானியர் எஃகு மையம் வைத்த ரவையால் முதல் டாங்குகளைத் துளைத்தார்கள். பிரிட்டிஷார் தகட்டைத் தடிப்பாக்கினார்கள். ஜெர்மானியர் 1918ல் 13 மில்லிமீட்டர் ரைபிள் செய்தார்கள். பிரிட்டனிடமும் எஃகு மைய ரவை இருந்தது. நூறு கஜத்தில் 10 மில்லிமீட்டர் தகடு அதன் இலக்கு. தகடு சாய்ந்திருந்தால் அதுவும் போதாது: செங்குத்திலிருந்து அறுபது டிகிரி சாய்ந்த தகட்டில் ரவை கடக்கவேண்டிய தூரம் இரட்டிப்பாகிறது.

துளைக்காத ரவை வீண் என்றும் சொல்லிவிட முடியாது. சிதறிய ஈயம் பார்வைத் துவாரங்கள் வழியாக உள்ளே தெறித்து முகங்களைக் கிழித்தது. டாங்க்காரர்கள் இரும்புச் சங்கிலி தொங்கும் முகமூடி அணிந்தது அதற்காகத்தான்.

இந்தக் கணக்கு இந்தியச் சிப்பாயின் தலையில் விடிந்தது மலாயாவில். 1941 டிசம்பரில் அங்கே பிரிட்டிஷ் தரப்பில் ஒரு டாங்க்கூட இல்லை. டாங்கையே பார்த்திராத இந்தியப் படைகள் ஜித்ராவில் அதை முதன்முதலாகப் பார்த்தன. ஜப்பானின் இலகு டாங்கின் தகடு அதிகபட்சம் 12 மில்லிமீட்டர், நடுத்தர டாங்கினுடையது 25. சாதாரணத் த்ரீ-நாட்-த்ரீக்கு இரண்டும் சுவர். அரை அங்குலத்துக்குமேல் குழல் கொண்ட பாய்ஸ் ரைபிள் இலகு டாங்கைத் துளைக்கும். அசுனில் கூர்க்கா ஹவில்தார் ஒருவர் அதைக்கொண்டு டாங்குகளை நிறுத்திக் காட்டினார். ஆனால் பாய்ஸ்கள் சொற்பம். 1942 ஜனவரி 7 அன்று ஸ்லிம் நதியருகே டாங்குகள் சாலைவழியே ஓடி இரண்டு பிரிகேடுகளைச் சில மணி நேரத்தில் சிதைத்தன. அங்கே தோற்றது வீரமல்ல. இரண்டு மில்லிமீட்டர் எஃகை முன்கூட்டி யோசிக்காத ஒரு சாம்ராஜ்யம்.

1942 ஏப்ரல் 6ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னை காலியாகத் தொடங்கியது. எங்கள் கரையில் எந்த டாங்கும் இறங்கவில்லை. கூண்டுகள் உடைந்து வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைப் போலீசார் சுட்டுக்கொன்றார்கள். அந்த மாதம் நகரைக் காக்கச் சுட்ட ரவைகள் கூண்டுக்குள் போயின.

இதற்குள் ஒரு பழைய சித்திரம் எனக்குக் குறுக்கிடுகிறது. 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ். டயர் இரண்டு கவச வண்டிகளையும் கொண்டுவந்திருந்தான். சந்து குறுகல், அவை உள்ளே நுழையவில்லை. நுழைந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று விசாரணைக் குழுவின்முன் ஒப்புக்கொண்டான். உள்ளே ரைபிள்கள் 1650 ரவைகளைச் சுட்டன. அரசுக் கணக்கில் மட்டும் 379 பேர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாரிடமும் துப்பாக்கி இல்லை. அப்படியானால் அந்த வண்டிகளின் தகடு எந்த ரவையைத் தடுக்க?

ரவைக்கும் தகட்டுக்கும் நடக்கும் போட்டியை ஆயுத சரித்திரக்காரர்கள் இரு சமமான எதிரிகளின் சதுரங்கம் போல எழுதுகிறார்கள். ஐரோப்பாவில் அது உண்மையாக இருக்கலாம். இங்கே தகடும் ரவையும் நெடுங்காலம் ஒரே கையில் இருந்தன. எதிரே இருந்தது சட்டை. காலெட்டின் பேட்டையில் நெய்ததும் அதற்கான துணியைத்தான்.