பாலத்தின் மேல் பயின்றவர்

அடால்ப் சாக்ஸ் என்னும் பெல்ஜியர் 1846-இல் காப்புரிமை பெற்ற கருவி சாக்ஸபோன். அதை வாசித்து 1950-களில் அமெரிக்காவில் பெரும்புகழ் எய்தியவர் நியூயார்க்கைச் சேர்ந்த சன்னி ரோலின்ஸ். நம் பங்கின் வாத்தியக்கார இளைஞர் இவரைப்பற்றி அறிவது நலம்.

கேட்டவர் அனைவரும் மெச்சினர். அவர் காதோ ஒப்பவில்லை. தம் வாசிப்பு அப்புகழுக்கு ஈடாகவில்லை எனக் கண்டு, 1959-இல், முப்பது வயது நிரம்புமுன்னரே, கச்சேரிகளை அறவே நிறுத்திவிட்டார். (கைதட்டல் ஓயாதபோது இப்படி எழுந்து போவது எளிதா?) வீட்டில் ஊதினால் அண்டை வீட்டுக் கர்ப்பிணிக்குத் தொந்தரவு, ஆகவே வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குச் சென்றார். கீழே ஆறு; பக்கத்தில் ரயிலின் இரைச்சல். குளிரிலும் பல மணி நேரம் ஊதினார்.

1961-இல் மேடைக்குத் திரும்பினார். மறு ஆண்டு 'தி பிரிட்ஜ்' இசைத்தட்டு வெளிவந்தது. புதுமை எங்கே என்றனர் சில விமர்சகர். அவரோ அப்பத்தாண்டின் இறுதியில் மறுபடியும் மேடையை விட்டு விலகினார். அம்முறை யோகம் பயில நம் நாட்டிற்கே, பம்பாய்க்கு, வந்து தங்கினார்.